காப்புறுதிக் காசு போதாதபோது: வாகன விபத்துக்கு நட்டஈடு கேட்பது எப்படி, படிப்படியாக

நான் சட்டத்தரணி இல்லை. தம்பியின் விபத்துக்காக மூன்று வருடத்துக்கு மேல் பொலிஸ், வைத்தியசாலை, நீதிமன்றம் என்று அலைந்தேன். அதற்குப் பிறகு அயலில் யாருக்காவது அடிபட்டால் "நீ ஒருக்கா கூட வா" என்று கூப்பிடுவார்கள், அப்படி ஐந்தாறு பேருடன் போயிருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் இரண்டு இடத்தில்தான் விழுகிறார்கள். ஒன்று, வாசிக்காமல் வைக்கிற கையொப்பம். மற்றது, எண்ணாமல் விடுகிற நாட்கள். இந்த இரண்டையும் காப்பாற்றினால் மீதி வேலை அலைச்சல்தான், ஆனால் செய்யக்கூடிய அலைச்சல்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நடக்கும் விபத்துகளை மனதில் வைத்து எழுதுகிறேன். சட்டம் முழு இலங்கைக்கும் ஒன்றுதான். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் கிடைக்கிற தாள்தான் அடுத்த படிக்குத் தேவை.

1. முதலில் ஒரு திகதியை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்

விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருடம். அதற்குள் மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்குத் தாக்கலாகியிருக்க வேண்டும். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம் இப்படிச் சொல்கிறது. அந்த நாள் தாண்டினால், பிழை முழுக்க எதிர்த்தரப்பில் என்றாலும் வழக்கு செல்லாது.

இந்த 2 வருடத்தை எது நிறுத்தும் என்று பலர் தப்பாக நினைக்கிறார்கள். காப்புறுதி நிறுவனத்துடன் பேசிக்கொண்டிருப்பது நிறுத்தாது. நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ் போட்ட வழக்கு நடந்துகொண்டிருப்பது நிறுத்தாது. எதிர்த்தரப்பு உரிமையாளர் "தம்பி, நான் பார்த்துச் செய்கிறேன்" என்று வாய்ப்பேச்சாகச் சொல்வதும் நிறுத்தாது. அடிபட்டது சின்னப் பிள்ளை என்றாலும், சட்டத்தில் என்ன சலுகை இருக்கும் என்று ஆராயாமல் அதே 2 வருடத்துக்குள் போட்டுவிடுங்கள்.

எனவே சுவரில் இரண்டு திகதி. ஒன்று 2 வருடம் முடிகிற நாள். மற்றது, அதற்கு 6 மாதம் முந்திய நாள். இரண்டாவது திகதிக்குப் பிறகு சமாதானப் பேச்சை மட்டும் நம்பி இருக்கக் கூடாது, சட்டத்தரணியின் மேசையில் கோப்பு இருக்க வேண்டும்.

அரசாங்கத் திணைக்கள வாகனம் மோதியிருந்தால் இன்னும் முந்த வேண்டும். சட்டமா அதிபருக்கு (அரசாங்கத்தின் சார்பில் வழக்கில் நிற்பவர்) எதிராகவோ ஓர் அரச அலுவலருக்கு எதிராகவோ அவருடைய உத்தியோகக் கடமை தொடர்பில் வழக்குப் போடுவதற்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும், குடியியல் (சிவில்) நடவடிக்கைமுறைக் கோவையின் 461 ஆம் பிரிவு அது. கடைசி வாரத்தில் ஓடினால் அந்த ஒரு மாதத்துக்கு எங்கே போவது?

2. பொலிஸ் முறைப்பாடு: எந்த மொழியில், என்ன வாசகத்தில்

யாருக்காவது உடலில் காயம் என்றால், காப்புறுதி ஆட்கள் வந்து படம் எடுத்துவிட்டுப் போனது போதாது. பொலிஸ் பதிவு கட்டாயம் வேண்டும். பின்னால் வருகிற எல்லாமே, வைத்திய அறிக்கை உட்பட, அந்த முறைப்பாட்டு இலக்கத்தில்தான் தொங்குகிறது.

வாக்குமூலத்தை உங்கள் மொழியில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. எங்கள் பக்கம் சில நிலையங்களில் அந்த நேரத்தில் தமிழ் எழுதக்கூடிய அலுவலர் இல்லாமல் இருக்கலாம். அப்போது "சிங்களத்தில் எழுதுகிறேன், ஒப்பம் வையுங்கள்" என்று சொல்வார்கள். கோபப்பட வேண்டாம், சண்டையும் வேண்டாம். தமிழ் எழுதுகிறவர் வரும்வரை இருக்கிறேன் என்று பணிவாகச் சொல்லுங்கள். அது நடக்காவிட்டால் எழுதியதை முழுதாகத் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள், வாசித்துக் காட்டப்பட்டது என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். என் தம்பியின் வாக்குமூலத்தில் அவன் வீதியின் எந்தப் பக்கத்தில் வந்தான் என்பது மாறி எழுதப்பட்டிருந்தது. அதைத் திருத்துவதற்கு நீதிமன்றத்தில் பட்ட பாடு, அன்றைக்கு நிலைய வாசலில் இரண்டு மணித்தியாலம் காத்திருந்திருந்தால் தேவைப்பட்டிருக்காது.

இரண்டாவது பொறி சமாதானம். எங்கள் ஊர்களில் கோயில் தலைவரோ பள்ளிவாசல் பெரியவரோ நடுவில் வந்து "பொடியன் தெரியாமல் அடிச்சுப்போட்டான், விடுங்கோ" என்பார்கள். அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள், ஆனால் அடிபட்டவரின் எலும்பு ஆறு மாதத்தில் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பொலிஸ் புத்தகத்தில் "எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி மட்டும் வரக் கூடாது. மனஸ்தாபம் இல்லை என்று எழுதலாம். நட்டஈட்டு உரிமையை விடுகிறேன் என்று எழுதக் கூடாது. இந்த இரண்டும் ஒன்று என்று சொல்லித்தான் ஒப்பம் வாங்குகிறார்கள்.

வெளியே வரும்போது கையில் இருக்க வேண்டியவை: முறைப்பாட்டு இலக்கம், திகதி, விசாரிக்கும் அலுவலரின் பெயர். முறைப்பாட்டின் பிரதியை கட்டணம் கட்டிப் பிறகு எடுக்கலாம். பொலிஸ் இடத்தை அளந்து வரைபடம் கீறுவார்கள், மோட்டார் வாகனப் பரிசோதகர் வாகனத்தின் பிரேக்கைப் பார்ப்பார். அந்தப் பரிசோதனை முடியும்வரை உங்கள் வாகனத்தைக் கராஜில் கழற்ற விடாதீர்கள்.

3. வைத்தியசாலை: பரியாரியிடம் போவதற்கு முன்

இது எங்கள் பக்கத்துக்கே உரிய பிரச்சினை என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கை, கால் முறிந்தால் முறிவு வைத்தியம் செய்யும் பரியாரியிடம் போவது எங்கள் வழக்கம். குணமானவர்களை நானே பார்த்திருக்கிறேன், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நேராக அங்கே போனால் உங்கள் முறிவு எந்த அரசாங்கத் தாளிலும் இல்லை. முதலில் அரசாங்க வைத்தியசாலை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை வைத்தியசாலையோ, எது கிட்டவோ அங்கே பதிந்து, எக்ஸ்ரே எடுத்து, வைத்தியர் எழுதட்டும். அதற்குப் பிறகு பத்துப் போடப் போவது உங்கள் விருப்பம்.

பதியும்போது "வீதி விபத்து" என்று தெளிவாகச் சொல்லுங்கள். விழுந்துவிட்டேன் என்று சொல்லி அனுமதியான ஒருவரை எனக்குத் தெரியும். மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் இல்லை என்ற பயத்தில் அப்படிச் சொன்னார். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டியது தனிக் குற்றம், அதற்கு அபராதம் வரும். ஆனால் அதனால் மட்டும் உங்களை மோதியவரின் பொறுப்பு இல்லாமல் போவதில்லை. பதிவேட்டில் "விழுந்தது" என்று வந்துவிட்டால் மட்டும் கதை முடிந்த மாதிரி.

அடுத்தது சட்ட வைத்திய அதிகாரி. பொலிஸ் ஒரு படிவம் தர வேண்டும், அதை வைத்துத்தான் அவர் காயத்தைப் பரிசோதித்து, அது சாதாரண காயமா பாரதூரமான காயமா என்று அறிக்கை எழுதுவார். விடுதியில் இருந்து டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் இந்தப் பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள். நடக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டால் பொலிஸிடம் திரும்பப் போய்ப் படிவம் வாங்க வேண்டும், அதற்குள் வீக்கம் வற்றி, கீறல் ஆறி, பார்ப்பதற்கு அரைவாசிதான் மிச்சம் இருக்கும்.

நோய் நிர்ணய அட்டை, கிளினிக் புத்தகம், எக்ஸ்ரே படங்கள், தனியார் ஸ்கேன் பற்றுச்சீட்டு, மருந்துக்கடைத் துண்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். மருந்துக்கடைத் துண்டில் மை மங்கிவிடும், அன்றைக்கே போனில் படம் எடுங்கள். கிளினிக் ஒரு நாளையும் தவறவிடாதீர்கள். மூன்று கிளினிக் போகாதவரைப் பார்த்து எதிர்த்தரப்புச் சட்டத்தரணி "சுகமாகிவிட்டது, அதனால்தான் போகவில்லை" என்று சொல்வார், அதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

மரணம் நடந்திருந்தால் மரண விசாரணை அதிகாரியின் அறிக்கை, பிரேத பரிசோதனை அறிக்கை, மரணச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கும் தாள் சேர்க்கிற மனம் இருக்காது. குடும்பத்துக்கு வெளியே ஒருவரைப் பொறுப்பாக விடுங்கள்.

4. இடத்தின் ஆதாரம்

கடைகளின் கமராப் பதிவு சில நாட்களில் தானாக அழிந்து புதியது ஏறிவிடும். எனவே முதல் இரண்டு நாளுக்குள் யாராவது வீதியோரக் கடைகளில் கேட்டுப் பிரதி எடுக்க வேண்டும், பொலிஸுக்கும் சொல்ல வேண்டும்.

வாகனங்கள் நின்ற நிலை, சறுக்கல் தடம், உடைந்த கண்ணாடி, வீதியின் இரு பக்கமும் தூரத்தில் இருந்து ஒரு படம். அறுவடைக் காலத்தில் வீதியில் நெல் காயப் போட்டிருந்தாலோ, மாடு படுத்திருந்தாலோ அதையும் எடுங்கள். மோதியவர் ஏன் உங்கள் பக்கம் வந்தார் என்பதற்கு அது காரணமாக இருக்கலாம். எடுக்காவிட்டால் மறுநாள் நெல்லும் இருக்காது, மாடும் இருக்காது.

சாட்சிகளிடம் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம். கூட்டத்தில் சத்தம் போட்டவரைவிட அமைதியாக நின்று பார்த்த கடைக்காரர் நல்ல சாட்சி. அவர் இரண்டு வருடம் கழித்தும் அதே இடத்தில் இருப்பார்.

5. யாரிடம் கேட்பது: ஓட்டியவர், சொந்தக்காரர், காப்புறுதி

காப்புறுதி போதாவிட்டால் அதோடு சரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நட்டஈட்டுக்குப் பொறுப்பு முதலில் கவனக்குறைவாக ஓட்டியவருக்கு. அவர் சம்பளத்துக்கு ஓடியவர் என்றால், வேலைக்கு வைத்த முதலாளிக்கும் பொறுப்பு உண்டு. காப்புறுதி நிறுவனம் அவர்களுக்காகக் காசு கொடுக்கிற ஆள், அவ்வளவுதான். நிறுவனம் குறைவாகக் கொடுத்தால் மீதியை இவர்களிடம் கேட்கலாம்.

அதனால் உண்மையான சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் பக்கம் வாகனங்கள் பெயர் மாற்றாமல் கைமாறுவது சர்வ சாதாரணம். புத்தகத்தில் ஒருவர், ஓட்டுவது இன்னொருவர், லீசிங் கம்பனி மூன்றாவது. வாகன இலக்கத்தை வைத்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரம் எடுங்கள். லீசிங் கம்பனி முழு உரிமையாளர் என்று பதிவில் இருப்பதால் மட்டும் அது பொறுப்பாளி ஆகிவிடாது. வாகனத்தை யார் வைத்திருந்து யார் தொழில் நடத்தினார் என்பதுதான் முக்கியம். பதிவுச் சொந்தக்காரர், கையில் வைத்திருந்தவர், ஓட்டியவர் மூவரின் விபரமும் எடுத்துக்கொண்டு போங்கள், யார் யாரைப் பிரதிவாதியாக்குவது என்று சட்டத்தரணி முடிவெடுப்பார்.

காப்புறுதி விபரம் வாகனத்தில் இருக்கும் காப்புறுதிச் சான்றிதழில் இருக்கும். நிறுவனத்தின் பெயர், சான்றிதழ் இலக்கம், ஆரம்ப முடிவுத் திகதி மூன்றையும் அந்த இடத்திலேயே படம் எடுங்கள். காப்புறுதி இல்லாமல் வரி அனுமதிப்பத்திரம் கொடுக்க மாட்டார்கள், எனவே ஏதோ ஒரு நிறுவனம் கட்டாயம் இருந்திருக்கும். விபத்து நாளில் அது காலாவதியா இல்லையா என்பதுதான் கேள்வி.

ஓட்டியவர் குடித்திருந்தார், அனுமதிப்பத்திரம் இல்லை, அதனால் காப்புறுதி வராது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். நிறுவனத்துக்கும் அதன் வாடிக்கையாளருக்கும் உள்ள தகராறு ஒன்று, மூன்றாம் ஆளான உங்கள் உரிமை வேறு. சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

6. காப்புறுதி தொகை சொல்வதற்கு முன் உங்கள் கணக்கைப் போடுங்கள்

இந்த வரிசை மாறுவதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். நிறுவனம் மூன்றரை இலட்சம் என்று சொன்ன பிறகு கணக்குப் போட்டால், மனம் அந்த மூன்றரையைச் சுற்றியே ஓடும். முதலில் உங்கள் இலக்கம், பிறகு அவர்களுடையது.

ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். மட்டக்களப்பின் படுவான்கரைப் பகுதியில் ஒரு மேசன், நாட்கூலி 4,000 ரூபா, மாதம் 22 நாள் வேலை. காலில் முறிவு. 7 மாதம் வேலை இல்லை: 616,000. அடுத்த 5 மாதம் கட்டடச் சாரத்தில் ஏற முடியாமல் கையாளாக 2,500 ரூபாவுக்குப் போனார், நாளுக்கு 1,500 குறைவு: 165,000. மட்டக்களப்பு கிளினிக்குக்கு திரீவீலில் 9 தடவை, ஒரு தடவைக்கு 4,000: 36,000. மருந்து, ஸ்கேன்: 38,000. மோட்டார் சைக்கிள் திருத்தம்: 132,000. கூட்டினால் 987,000. வலி, நிரந்தரமாகக் கால் மடங்காமல் போனது, இனி வரும் வருடங்களில் உழைப்புக் குறைவது எதுவும் இதில் இன்னும் சேரவில்லை. அவை தனியாகக் கேட்கப்பட வேண்டும். நிரந்தர ஊனம் எத்தனை வீதம் என்று விசேட வைத்திய நிபுணரிடம் எழுத்தில் வாங்கினால்தான் அவற்றுக்கு ஓர் அடிப்படை இருக்கும்.

வருமானத்தை எப்படி நிரூபிப்பது? எங்கள் ஆட்களில் சம்பளச் சீட்டு உள்ளவர் குறைவு. மேசன் என்றால் வீடு கட்டுவித்தவர்கள் இரண்டு மூன்று பேரின் கடிதம், ஒப்பந்தக்காரரின் கொப்பி. மீனவர் என்றால் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கடிதமும் மீன் வாங்கும் முதலாளியின் துண்டும். விவசாயி என்றால் நெல் ஆலை கொடுத்த நிறுவைத் துண்டு, உரத் துண்டு. கடை என்றால் வங்கிப் புத்தகம். இதற்கெல்லாம் மேல் கிராம சேவகரின் சான்றிதழ், பிரதேச செயலாளரின் மேலொப்பத்துடன். வருமானத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். ஓர் இடத்தில் பொய் பிடிபட்டால் மீதி உண்மையையும் நம்ப மாட்டார்கள். சமுர்த்தி, அஸ்வெசும போன்ற அரச உதவிப்பண விண்ணப்பத்தில் எழுதிய வருமானம் எதிர்த்தரப்பின் கையில் வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் பக்கத்திலும் பிழை இருந்தால் அதை இப்போதே ஒப்புக்கொண்டு கணக்கில் எடுங்கள். 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, இரு பக்கமும் கவனக்குறைவு என்றால் நீதிமன்றம் பங்கு பிரித்து உங்கள் தொகையைக் குறைக்கும். தலைக்கவசம் போடாமல் தலையில் காயம், இரவில் விளக்கில்லாமல் வந்தது, ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேர், இவை கட்டாயம் கேட்கப்படும். குறையும் என்பது இல்லாமல் போகும் என்பதல்ல.

மரண வழக்கில் தங்கி வாழ்ந்தவர்கள் இழந்த வருமானத்தைக் கேட்பார்கள். முன்பு காசால் கணக்கிடக்கூடிய இழப்பு மட்டும்தான் கிடைக்கும் என்பதே நிலை. 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு உறவையும் அரவணைப்பையும் இழந்ததற்கும் கேட்க வழி உண்டு. பழைய நிலையை மட்டும் சொல்லும் ஒருவரிடம் இந்த இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

வேலை நேரத்தில் நடந்த விபத்து என்றால் உங்கள் முதலாளிக்கு எதிராக வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தனியாகக் கோர முடியுமா, அரச ஊழியர் என்றால் அக்ரஹார காப்புறுதியில் என்ன கிடைக்கும் என்றும் பாருங்கள்.

7. நிறுவனம் தரும் தொகையும் அந்த விடுவிப்புப் படிவமும்

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தம்பிக்கு இரண்டாவது சத்திரசிகிச்சை செய்வதா இல்லையா என்றே வைத்தியர் இன்னும் சொல்லாத நேரம். தம்பியை மோதிய வேன்காரரின் காப்புறுதியில் இருந்து ஒருவர் வீட்டுக்கே வந்தார், மரியாதையான மனிதர், அம்மாவிடம் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். ஒரு படிவம், ஒரு காசோலைத் தொகை. கையில் காசில்லாத நேரம் என்பதால் அம்மா பேனையை எடுத்துவிட்டார். படிவத்தில் கீழே சின்ன எழுத்தில், இந்தத் தொகையை முழுமையும் இறுதியுமான தீர்வாக ஏற்று சாரதி, உரிமையாளர், நிறுவனம் ஆகிய எல்லோரையும் எல்லாக் கோரிக்கைகளில் இருந்தும் விடுவிக்கிறேன் என்று இருந்தது. அம்மாவின் கையில் இருந்து பேனையை நான் வாங்காமல் இருந்திருந்தால் இரண்டாவது சத்திரசிகிச்சை முழுக்க எங்கள் செலவு.

அதனால்: சிகிச்சை முடிந்து நிலைமை என்னவென்று வைத்தியர் சொல்லும்வரை இறுதித் தீர்வுப் படிவத்தில் ஒப்பம் இல்லை. "முழுமையும் இறுதியும்" என்ற சொல் எந்த மொழியில் இருந்தாலும் சட்டத்தரணி பார்க்காமல் ஒப்பம் இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வெளியில் காட்டுங்கள். பிரதி தர மறுத்தால், ஒப்பம் வைக்காமல் இருப்பதற்கு அதுவே போதும்.

அவசரத்துக்குக் காசு வேண்டும் என்றால் பகுதிக் கொடுப்பனவாகக் கேளுங்கள். வேன்காரர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஐம்பதாயிரம் தந்தால் வாங்கலாம், ஆனால் பற்றுச்சீட்டில் "பகுதிக் கொடுப்பனவு, மீதிக் கோரிக்கை நிலுவையில்" என்று எழுதி ஒரு பிரதியை வைத்திருங்கள். பிறகு கணக்கில் அதைக் கழித்துக் காட்டுங்கள், மறைக்காதீர்கள்.

வாகனச் சேதத்துக்கு ஒரு படிவம், உடற்காயத்துக்கு இன்னொன்று என்று பிரிக்கக் கேளுங்கள். மோட்டார் சைக்கிள் திருத்தக் காசுக்கு வைத்த ஒப்பத்தில் காலின் காசும் சேர்ந்து போனவர்கள் இருக்கிறார்கள்.

8. உங்கள் சொந்தக் காப்புறுதியே குறைத்துத் தந்தால்

முழுக் காப்புறுதி எடுத்தவருக்கும் காசு குறையும். உதிரிப்பாகத் தேய்மானம், நீங்கள் ஏற்க வேண்டிய முதல் தொகை, சந்தை விலையைவிடக் குறைத்துக் காப்புறுதி செய்தது, இவை வழமையான காரணங்கள். எந்தக் காரணத்துக்காக எவ்வளவு வெட்டினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாள்தான் மோதியவரிடம் மீதியைக் கேட்பதற்கான கணக்கு.

வெட்டியதே பிழை என்றால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு, அது சரிவராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி அல்லது இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. இரண்டும் கொழும்பில், ஆனால் தபாலில் எழுதலாம்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த தொகையை மோதியவரிடம் இருந்து அறவிட அதற்கு உரிமை உண்டு. அவர்களுக்குச் சொல்லாமல் நீங்கள் மோதியவரை விடுவித்துக் கடிதம் கொடுத்தால், உங்களிடமே திருப்பிக் கேட்பார்கள்.

9. கோரிக்கைக் கடிதம்

சட்டத்தரணி மூலம் ஓட்டியவர், சொந்தக்காரர் இருவருக்கும் பதிவுத் தபாலில், பிரதி காப்புறுதி நிறுவனத்துக்கு. விபத்துத் திகதி, இடம், வாகன இலக்கம், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், தலைப்பு வாரியாகத் தொகை, பதிலுக்கு ஒரு கெடு. தபால் துண்டைத் தொலைக்காதீர்கள்.

தொகையை முழுதாகக் கேளுங்கள். பேச்சுக்கு இறங்குவார்கள் என்று குறைத்து எழுதி, வழக்கில் கூட்டிக் கேட்டால் அந்தக் கடிதமே உங்களுக்கு எதிராக வரும். சிறிய தொகை என்றால் வழக்குக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியிருக்கலாம். உங்கள் தொகைக்கு அது கட்டாயமா என்று கடிதம் எழுதும்போதே கேட்டுவிடுங்கள், கடைசி மாதத்தில் அல்ல.

10. நீதவான் நீதிமன்ற வழக்கு வேறு

பொலிஸ் போடும் வழக்கு ஓட்டியவரைத் தண்டிப்பதற்கு. அபராதம் அரசாங்கத்துக்குப் போகிறது. குற்றவாளியாகக் கண்டால், 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவின் கீழ் நீதவான் பாதிக்கப்பட்டவருக்கும் நட்டஈடு கட்டளையிடலாம், ஆனால் யாரும் கேட்காவிட்டால் பெரும்பாலும் அது நினைவில் வராது. எனவே ஒவ்வொரு தவணையையும் அறிந்து வைத்து, உங்கள் சார்பில் ஒரு சட்டத்தரணியை ஆஜராகச் செய்யுங்கள்.

அந்தத் தொகை சிறியதாகவே இருக்கும். அதை வாங்கும்போதும் எல்லாக் கோரிக்கையும் முடிந்தது என்று எழுதிக் கொடுக்காதீர்கள். ஓட்டியவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அந்த வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியை எடுங்கள். சிவில் வழக்கில் அது பெரிய பலம்.

11. மாவட்ட நீதிமன்றம்

விபத்து நடந்த இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம். மோதிய வாகனம் கொழும்புக்காரருடையது என்பதால் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. செங்கலடியில் அடிபட்டால் மட்டக்களப்பில், சாய்ந்தமருதில் என்றால் கல்முனையில்.

வழக்கு ஓட்டியவர், சொந்தக்காரர் மீதுதான், காப்புறுதி நிறுவனத்தின் மீது அல்ல. ஆனால் நிறுவனத்துக்கு வழக்குப் பற்றிய அறிவித்தல் கொடுக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டப்படி வழக்குத் தாக்கலாவதற்கு முன்போ, தாக்கலான 7 நாட்களுக்குள்ளோ. இதைத் தவறவிட்டால் தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும் நிறுவனம் கொடுக்கக் கடமைப்பட்டதல்ல என்று ஒதுங்கிவிடும், பிறகு மோதியவரின் வீட்டுத் தளபாடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இந்த அறிவித்தலின் பதிவுத் தபால் துண்டை உங்கள் கண்ணால் பாருங்கள். சட்டத்தரணியை நம்பவில்லை என்று அர்த்தம் அல்ல, அவருக்கு நூறு கோப்பு, உங்களுக்கு ஒன்று.

கட்டணம் கொடுக்க வழியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, மட்டக்களப்பிலும் அதன் நிலையம் உண்டு. வருமானச் சான்றிதழுடன் போங்கள். கடைசி நாளில் போனால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

தவணை இழுக்கும். அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதவில்லை. எங்களுக்கு வருடக்கணக்கில் போனது. சாட்சி சொல்ல வருபவருக்குப் போக்குவரத்துக் காசும் மதியச் சாப்பாடும் ஒழுங்கு செய்யுங்கள், முதல்நாள் இரவு அழைத்து நினைவூட்டுங்கள். வழக்கு நடக்கும்போது நிறுவனம் தொகையைக் கூட்டிக்கொண்டு வந்து பேசுவது உண்டு. அப்போது 6 ஆம் பகுதியில் போட்ட கணக்கை எடுத்துப் பார்த்து முடிவெடுங்கள். நாங்கள் அப்படித்தான் முடித்தோம், கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நீட்டிய தொகையின் ஏறக்குறைய மூன்று மடங்கு கிடைத்தது.

12. தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு வந்தவுடன் காசு வந்துவிடாது. தீர்ப்பாணையின் சான்றுப்படுத்திய பிரதியை எடுத்து, காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் கோரிக்கை அனுப்புங்கள். உடல் காயத்துக்கும் மரணத்துக்கும் உரிய பகுதியை நிறுவனம் கொடுக்க வேண்டும். வாகனச் சேதத்துக்கு ஒப்பந்தத்தில் ஓர் உச்ச எல்லை இருக்கலாம், அதற்கு மேற்பட்டதைச் சொந்தக்காரரிடம் அறவிட வேண்டும்.

அவர் கொடுக்காவிட்டால் அதே நீதிமன்றத்தில் நிறைவேற்று எழுத்தாணைக்கு, அதாவது அவருடைய சொத்தைக் கைப்பற்றிக் காசு அறவிடும் கட்டளைக்கு, மனுச் செய்யலாம். அவருக்கு என்ன வாகனம், என்ன காணி இருக்கிறது என்ற விபரத்தை நீங்கள்தான் தேடிக் கொடுக்க வேண்டும். காணி விபரம் காணிப் பதிவகத்தில், வாகன விபரம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில். மேன்முறையீடு செய்திருந்தால் எழுத்தாணை இழுபடும், அப்போது மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே எழுத்தாணை கேட்க முடியுமா என்று உங்கள் சட்டத்தரணியிடம் உடனே கேளுங்கள். தவணைமுறையில் தருகிறேன் என்று சொன்னால் வெளியில் பேசி முடிக்காமல், நீதிமன்றத்தில் பதிவு செய்து, ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே அறவிடலாம் என்ற நிபந்தனையோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.